பென்ஷன் யாருக்கு?

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது அது ஸ்திரீ லட்சணமாகவும் ஆகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்த லட்சணம் யாருக்கானாலும் அறுபது வயதோடு தீர்ந்து போகிறது. அதற்கு மறு மாதத்திலிருந்து வீட்டுக்கு வருகிறதே, அந்தப் பென்ஷனைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

"ஐயையோ, பென்ஷனா! அது அவர் சமாசாரம் ஆயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். கதாநாயகி அடுத்த வாரம் வரை காத்திருப்பாள். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நாலு பெரியவர்கள் திண்ணையில் கூடினால் இந்தப் பேச்சுத்தான். பழைய பென்ஷன், புதுப் பென்ஷன், பங்களிப்பு, கமிட்டி, ஜீ.ஓ. என்று வார்த்தைகள் பறக்கும். நாம் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவோம். அவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. "எனக்குப் பிறகு இவளுக்கு முதல் தேதி என்ன வரும்?" என்பதே அந்தக் கேள்வி.

அபசகுனம் என்று முகம் சுளிக்காதீர்கள். இது வெறும் கணக்கு. நம் வீடுகளில் பெண்ணைவிட மாப்பிள்ளை நாலைந்து வயது மூத்தவராக இருப்பதே வழக்கம். பொதுவாகப் பெண்களின் ஆயுள் ஆண்களுடையதைவிட இரண்டு மூன்று வருஷம் கூட. இரண்டையும் சேர்த்தால், அவர் இல்லாமல் அவள் குடித்தனம் நடத்த வேண்டிய காலம் ஏழெட்டு வருஷம். சில வீடுகளில் இருபது வருஷம்கூட. ஆகவே பென்ஷன் என்பது அவர் பெயரில் வந்தாலும், அதை அதிகம் நம்பியிருக்கிறவள் அவள்தான்.

திருச்சியிலிருந்து டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை வழியாக பஸ்ஸில் போனால் துறையூர் வரும். ஒரு பக்கம் பெருமாள்மலை, தூரத்தில் பச்சைமலை. அந்த ஊரில் ஒரு தெருவில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டிலும் ஐயா காலமாகிவிட்டார், அம்மா இருக்கிறார். இவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் இவர்களுக்குப் பொருந்தும் விதிகள் கற்பனை அல்ல.

முதல் வீட்டு ஐயா 1984ல் அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். ரிடையர் ஆனதும் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக வந்தது. அவர் மறைந்த பிறகு அந்த அம்மாளுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. முதல் சில வருஷங்களுக்குக் கூடுதல் விகிதம். அதன்பின் அவருடைய கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். அதாவது சம்பளம் 50,000 என்றால் மாதம் 15,000 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். அந்த அம்மாளுக்கு 80 வயது ஆகிவிட்டால் பென்ஷன் தொகையில் 20 சதவிகிதம் கூடும். 85, 90, 95 என்று போகப் போக இன்னும் ஏறி, நூறு வயதில் இரட்டிப்பாகும். பாட்டிக்கு வயது ஏற ஏற வீட்டில் மரியாதையும் ஏறுவதற்கு இது ஒரு நல்ல ஏற்பாடு!

அடுத்த வீட்டு ஐயாவும் ஆசிரியர்தான். அதே படிப்பு, அதே கரும்பலகை. எம்ப்ளாய்மெண்ட் எக்சேஞ்சில் பதிந்து வைத்து, காத்துக் காத்து, நாற்பது வயதுக்கு மேல் 2004ல் வேலை கிடைத்தது. அங்கேதான் விதி குறுக்கிட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, பங்களிப்புப் பென்ஷன்தான். சம்பளத்தில் 10 சதவிகிதம் பிடிப்பார்கள், சர்க்கார் அதே அளவு போடும், வட்டி சேரும். ரிடையர் ஆனாலோ இறந்துபோனாலோ சேர்ந்ததை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாதா மாதம் என்ற பேச்சே கிடையாது.

"மொத்தமாக வந்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, வீட்டின் மேல் ஒரு மாடி என்று எத்தனை வேலை காத்திருக்கிறது! அந்த அம்மாள் கையில் 15 லட்சம் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு பைசாவும் தொடாமல் பாங்கியில் 7 சதவிகித வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 1,05,000; மாதத்துக்கு 8,750 ரூபாய். இந்த வருஷம் 8,750. அடுத்த வருஷமும் 8,750. பன்னிரண்டு வருஷம் கழித்தும் அதே 8,750. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால், பன்னிரண்டு வருஷத்தில் மண்ணச்சநல்லூர்ப் பொன்னி அரிசி மூட்டையின் விலை இரட்டிப்பாகியிருக்கும். வருகிற பணத்துக்குப் பாதி மூட்டைதான் கிடைக்கும். இதுவும் முதலைத் தொடாதிருந்தால்தான். விதவை கையில் 15 லட்சம் இருக்கிறதென்று தெரிந்தால் தம்பிக்கு வியாபார யோசனை வரும். மாப்பிள்ளைக்குக் கார் யோசனை வரும். "இரண்டு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அக்கா" என்று சொல்லாதவர் யார்? மாதம் வருகிற பணத்தை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கடன் கேட்க முடியாது. மொத்தப் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மூன்றாவது வீட்டு அம்மாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவருடைய ஐயா வயலில் கூலி வேலை செய்தவர். பென்ஷன் விவாதம் நடக்கிற திண்ணைப் பக்கம் அவர்கள் யாரும் வருவதில்லை.

குடும்ப பென்ஷன் என்பது ஆதிகாலத்திலிருந்து இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரின் மனைவிக்கு ஆயுள் உள்ளவரை பென்ஷன் என்கிற திட்டம் 1964 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் சும்மா கொடுத்துவிடவில்லை. உத்தியோகஸ்தரின் கிராஜுவிட்டியில் இரண்டு மாதச் சம்பளத்தை அதற்காகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடித்தம் 1977ல்தான் ஒழிந்தது. அதற்கு முந்தைய தலைமுறைப் பாட்டிமார்கள் பிள்ளை கையையே எதிர்பார்த்திருந்தது சுபாவத்தினால் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

மொத்தப் பணமா, மாதப் பணமா என்கிற கேள்வியும் புதிதல்ல. திருச்சிக்காரர்கள் இதை ஒரு முறை பார்த்தாகிவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் உங்களுக்குத் தெரிந்ததே. நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் இங்கே வந்தது. அந்தக் காலத்து ரயில்வேக்காரர்களுக்குப் பென்ஷன் கிடையாது. பிராவிடண்ட் பண்டுதான். தொழிலாளியும் கட்டுவார், ரயில்வேயும் கட்டும், கடைசியில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போக வேண்டியது. நம் பங்களிப்புப் பென்ஷனுக்கு அது அண்ணன் முறை. 1957ல் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிடம், "பண்டா, பென்ஷனா, எது வேண்டும்?" என்று எழுதிக் கேட்டார்கள். பிறகும் பல தடவை அந்த வாய்ப்பு கொடுத்தார்கள்.

பண்டு போதும் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய பென்ஷன் சொற்பம். ரொக்கமோ கண்ணுக்கு எதிரே மலை மாதிரி தெரிந்தது. பின்னால் விலைவாசி ஏறிற்று. பென்ஷனும் சம்பளக் கமிஷன்களோடு கூடிக்கொண்டே போயிற்று. ரொக்கம் மட்டும் கரைந்தது. "எங்களையும் பென்ஷனுக்கு மாற்றுங்கள்" என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். கிருஷ்ணகுமார் வழக்கு என்று அதற்குப் பெயர். 1990ல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்: பண்டு வேறு, பென்ஷன் வேறு, பண்டு வாங்கியவரோடு சர்க்காரின் கடமை அன்றே தீர்ந்துவிட்டது, பென்ஷன்காரர் விஷயத்தில் அது அவர் ஆயுள் முழுவதும் தொடர்கிறது என்று. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் படிவத்தில் "பண்டு" என்று கையெழுத்துப் போட்டவர் கணவர். அதன் பலனை நெடுங்காலம் அநுபவித்தவள் மனைவி. அவளிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. அப்படிப்பட்ட விதவைகளுக்குப் பிற்பாடு கருணைத் தொகை என்று மாதம் 150 ரூபாய் ஏற்பாடு செய்தார்கள்.

கருணை என்ற அந்த வார்த்தை எனக்குச் சற்று உறுத்துகிறது. ஏனென்றால் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால்தான், 1982 டிசம்பர் 17ல், நகரா வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட், பென்ஷன் என்பது எஜமான் மனம் இரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று சொல்லியிருந்தது. அதனால்தான் பென்ஷன்காரர்கள் டிசம்பர் 17ஐத் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஸ்ரீரங்கத்துத் தாத்தாக்கள் அன்றைக்கு வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் புறப்படுவதன் ரகசியம் இதுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், மறுபடி பண்டு வழிக்கு ஏன் போனார்கள்? சர்க்கார் பக்கத்தையும் கேட்போம். 2000க்குப் பின் தமிழக கஜானா மிகவும் தொய்ந்திருந்தது. வருகிற வரியில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போயிற்று. வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். வேலை முடிந்து முப்பது வருஷம் இருக்கிறவர்களுக்கும், அவர்களுக்குப் பின் மனைவிமார்களுக்கும் யார் கொடுப்பது என்ற பயம். 2003ல் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக வேலை நீக்கம் செய்த கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிறகு கோர்ட் தலையிட்டுப் பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சந்தடியில், இனிமேல் சேரப் போகிறவர்களின் பென்ஷன் போனதைப் பற்றி அதிகம் சத்தம் எழவில்லை. இன்னும் வேலைக்கே சேராதவனுக்காக யார் கொடி பிடிப்பார்கள்?

2004 ஜனவரி 1ல் மத்திய சர்க்காரும் இதே வழியில் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே சேர்ந்த பணத்தில் 40 சதவிகிதத்தையாவது போட்டு மாதாந்தர வருமானம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி. தமிழ்நாடோ அந்த மத்திய ஏற்பாட்டில் சேராமல் பணத்தைத் தானே வைத்துக்கொண்டது. ஆகவே நம் துறையூர் இரண்டாம் வீட்டு அம்மாளுக்கு அந்தச் சிறு மாத வரும்படியும் இல்லாமல் போயிற்று. முதலில் பங்களிப்புப் பென்ஷன் என்று ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. அதில் பென்ஷனை மறந்துவிட்டு பங்களிப்பை மட்டும் நடத்தியதும் நாமே.

சர்க்காரின் பயம் வீண் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. நம் பாட்டிக்கு எட்டுக் குழந்தைகள், அம்மாவுக்கு நாலு, நமக்கு ஒன்று அல்லது இரண்டு. 2019-21ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஜனத்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021ல் 13.6 என்றும், 2031ல் 18.2 ஆகும் என்றும் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். வரி கட்டும் கைகள் குறைந்து, பென்ஷன் வாங்கும் கைகள் கூடுகின்றன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889ல் முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தபோது எழுபது வயது நிரம்பினால்தான் பணம் என்றார். அந்தக் காலத்தில் எழுபதைக் கண்டவர்கள் எத்தனை பேர்! கணக்கு சுலபமாக இருந்தது. பிரான்ஸில் 2023ல் ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கச் சட்டம் வந்ததற்கு ஊர் முழுவதும் தெருவில் இறங்கிற்று. நம் தமிழ்நாட்டில் 2020ல் 58ஐ 59 ஆகவும், 2021ல் 60 ஆகவும் ஆக்கினார்கள். வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். தேசத்துக்குத் தேசம் சுபாவம் வேறு!

ராஜஸ்தான், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் 2022லும் 2023லும் பழைய பென்ஷனுக்கே திரும்புவதாக அறிவித்தன. மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தது. ஊழியர் 10 சதவிகிதம் கட்டுவார், சர்க்கார் 18.5 சதவிகிதம் போடும். 25 வருஷம் வேலை செய்தவருக்குக் கடைசி ஒரு வருஷச் சராசரிச் சம்பளத்தில் பாதி உறுதி. அவர் மறைந்தால் அந்தப் பென்ஷனில் 60 சதவிகிதம் துணைக்கு. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 2025 பிப்ரவரியில் மூன்று பேர் கமிட்டி அமைத்தார்கள். 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. ஊழியரிடம் 10 சதவிகிதம் பிடித்தம். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். ஊழியருக்குப் பின் குடும்பத்துக்கு அதில் 60 சதவிகிதம். வருஷத்துக்குச் சுமார் 11,000 கோடி ரூபாய் தன் பங்காகச் செலவாகும் என்று சர்க்காரே சொல்லிற்று.

இந்த 60 சதவிகிதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதியில் 60 சதவிகிதம் என்றால் முழுச் சம்பளத்தில் 30. நம் முதல் வீட்டு அம்மாளுக்குக் கிடைக்கிற அதே விகிதம்! சுற்றிச் சுற்றி இருபத்து மூன்று வருஷம் கழித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். நடுவில் ஊழியர் தம் பங்கைக் கட்ட வேண்டும் என்பது ஒன்றே புதிது. அது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உறுதியான பென்ஷன் வேண்டும், அதற்குக் கையிலிருந்தும் கொஞ்சம் போடலாம். மாதாந்தர உறுதி இல்லாமல் பிடித்தம் மட்டும் இருந்த ஏற்பாட்டைத்தான் பென்ஷன் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் துறையூர் இரண்டாம் வீட்டு அம்மாளுக்கு? அவருடைய ஐயா 2022லேயே ரொக்கம் வாங்கிக்கொண்டு ரிடையர் ஆகி, 2024ல் காலமாகிவிட்டார். 2003க்குப் பின் சேர்ந்து, பென்ஷன் ஏதுமின்றி ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம் தரப்படும் என்று 2026 அறிவிப்பில் இருந்தது. பார்த்தீர்களா, மறுபடியும் கருணை! பொன்மலை விதவைகளின் 150 ரூபாய் ஞாபகம் வருகிறதா, இல்லையா? இடையில் அகப்பட்டவர்களில் இறந்தவர்களின் மனைவிமார்களுக்கு என்ன, எவ்வளவு, ஆயுள் முழுவதுமா, விலைவாசியோடு ஏறுமா என்ற நாலு கேள்விகளைத்தான் இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு உத்தரவிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். திண்ணைப் பேச்சில் "பாதிச் சம்பளம், பாதிச் சம்பளம்" என்ற கோஷத்தில் இது அமுங்கிப் போகிறது.

இனி அந்த மூன்றாவது வீடு.

பச்சைமலை அடிவாரத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் ஆயுள் முழுதும் உழைத்த அம்மாள் அவர். உத்தியோகப் பதிவேடு கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. அவருக்கு இருப்பது முதியோர் பென்ஷன். 1962 ஏப்ரல் 1ல், காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, சென்னை ராஜ்யத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. மத்திய சர்க்கார் தேசம் முழுவதற்கும் இப்படி ஒன்றைத் தொடங்கியது 1995ல்தான். நம் மாநிலம் முப்பது வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டதில் பெருமைப்படலாம். ஆதரவற்ற விதவைகளுக்கென்று தனித் திட்டம் 1975ல் வந்தது.

பெருமை சரி, தொகையைப் பாருங்கள். 2011ல் மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் 200 ரூபாய் உயர்வு! அரசு ஊழியரின் அகவிலைப்படியோ வருஷத்துக்கு இரண்டு தடவை கணக்குப் பார்க்கப்படுகிறது. துறையூர்க் கடையில் துவரம் பருப்பு ஆசிரியர் வீட்டுக்கு ஒரு விலை, கூலிக்காரி வீட்டுக்கு ஒரு விலை என்று விற்கிறதா என்ன? இந்த 1,200லும் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு 200 ரூபாய்தான். 2007ல் திட்டத்தை விரிவாக்கியபோதும் 200, இன்றும் 200. எண்பது வயதானால் 500. மீதியெல்லாம் மாநிலத்தின் தலையில்.

அந்த அம்மாள் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறார். அந்த வரியிலிருந்துதான் முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் பென்ஷன் போகிறது. பென்ஷன் சீர்திருத்தம் என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கோடியை ஒதுக்குகிறபோது, அரசு ஊழியர் பென்ஷனில் ஒட்டியிருக்கும் அகவிலைப்படி என்ற சின்னச் சக்கரத்தை இந்த 1,200 ரூபாய்க்கும் மாட்டிவிட்டால் என்ன? தொகை ஒரேயடியாக உயராவிட்டாலும் பரவாயில்லை. விலைவாசியோடு கூடவே தானாக நகர்ந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டாம் அல்லவா? ஆசிரியர் சங்கங்களும் ஊழியர் சங்கங்களும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு ஊர் முழுவதும் கூட நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டில் வேலை செய்ய வரும் பெண் நாற்பது வயதுக்குள் இருந்தால், அடல் பென்ஷன் திட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். 2015லிருந்து இருக்கிறது, பாங்கியிலும் தபால் ஆபீசிலும் சேரலாம். பதினெட்டு வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டி, அறுபதுக்கு மேல் மாதம் 5,000 வாங்கலாம். நாற்பதில் சேர்ந்தால் அதே 5,000க்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். சேர்ந்தவர் இறந்தால் துணைக்கு அதே தொகை முழுதாக வரும். அதில் ஒரு ரூபாயும் குறைக்காத பென்ஷன் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. ஆனால் இதற்கும் விலைவாசிச் சக்கரம் கிடையாது. இன்றைக்குப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வருஷம் கழித்து 5,000 ரூபாய் என்னத்துக்கு ஆகும் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. ஒன்றுமில்லாததற்கு இது மேல், சேரட்டும்.

இனிப் பழைய பென்ஷன் வரும் வீடுகளுக்கு ஒரு வேலை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவரை பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பென்ஷன் பட்டுவாடா உத்தரவு என்று ஒரு தஸ்தாவேஜு இருக்கும்; பி.பி.ஓ. என்பார்கள். அதன் நம்பரை உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் குடும்ப பென்ஷனுக்கு உரியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். எண்பது வயதில் பென்ஷன் ஏறும் என்றேனே, அது அந்தத் தேதியைப் பார்த்துத்தான் ஏறும். தேதி இல்லாமல் "வயது சுமார் 45" என்று மட்டும் எழுதிவைத்த பழைய உத்தரவுகள் உண்டு. பாட்டிக்கு எண்பது ஆயிற்று என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தாலும் கருவூலத்துக்குத் தெரியாது.

பெயரின் எழுத்தையும் பாருங்கள். நம் திருச்சிப் பக்கத்தில் இது பெரிய தொல்லை. உத்தரவில் "ரெங்கநாயகி", ஆதாரில் "ரங்கநாயகி", பாங்கி புஸ்தகத்தில் "ஆர். நாயகி" என்று இருக்கும். மூன்றும் ஒரே மனுஷிதான் என்று ஸ்ரீரங்கத்துத் தாயாரே வந்து சாட்சி சொன்னாலும் குமாஸ்தா ஒப்பமாட்டார். அவர் இருக்கும்போதே, அவர் கடைசியாக வேலை பார்த்த ஆபீஸ் மூலம் எழுதிப்போட்டால் திருத்துவது சுலபம். மாநில அரசுக்காரர்களுக்கு அந்தக் காகிதம் சென்னையில் மாநிலக் கணக்காயர் ஆபீசுக்குப் போகும். பென்ஷன் வரும் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தால் இன்னும் நல்லது.

மத்திய அரசு ஊழியரின் மகள் கல்யாணம் ஆகாமலோ, விதவையாகவோ, விவாகரத்து ஆகியோ, வருமானம் இல்லாமல் வீட்டோடு இருந்தால், தாய் தகப்பனுக்குப் பின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவளுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. குடும்ப விவரப் படிவத்தில் அவள் பெயரைச் சேர்த்துவையுங்கள். "பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்" என்று அண்ணன் சொன்னால், இப்பொழுதே பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு அது நவம்பர் மாதம். முன்னெல்லாம் தள்ளாத பாட்டியை ஆட்டோவில் ஏற்றி வெயிலில் வரிசையில் நிறுத்துவார்கள். 2014லிருந்து விரல் ரேகையை வைத்தே ஜீவன் பிரமாண் அத்தாட்சி கொடுத்துவிடலாம். தபால்காரரிடம் சொன்னால் கருவியோடு வீட்டுக்கே வருவார். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன விரல்களை அந்தக் கருவி சில சமயம் ஏற்றுக்கொள்ளாது. கட்டை விரலில் விழவில்லை என்றால் மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.